குடித்து விழுந்தாரா, விழுந்து குடித்தாரா

ஏழைகளைக் கண்டுபிடிப்பது என் தொழில். பெரம்பலூர் மாவட்டத்தில் மகளிர் குழுக்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒப்பந்த வேலை. வேலை இருக்கிற நாளுக்கு மட்டும் சம்பளம். ஒரு ஊரில் யார் மிக ஏழை, யார் ஏழை, யார் பரவாயில்லை ரகம் என்று பட்டியல் போட வேண்டுமானால் என்னை அனுப்புவார்கள். அப்படிப் பட்டியல் போடப் போகிற நானே பொங்கல் சமயத்தில் ரேஷன் கடை வரிசையில் கரும்புக்காக நிற்கிறவள்தான். அதை எந்த ஊரிலும் யாரும் கேட்டதில்லை. நானாகச் சொன்னதும் இல்லை.

பயிற்சிக்கென்று ஒரு கையேடு கொடுத்திருந்தார்கள். வறுமைக்கான காரணங்கள் என்று அதில் ஒரு பாடம் உண்டு. அறியாமை, சோம்பல், குடி, ஆடம்பரச் செலவு என்று வரிசையாகப் போகும். எழுதியவர் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதியிருப்பார் என்பது என் அனுமானம். ஆனாலும் பத்து வருடமாக அதைத்தான் நானும் பாடமாக நடத்தினேன். எதிரே உட்கார்ந்திருந்த பெண்கள் சாப்பாட்டுப் பொட்டலம் வருகிற வரைக்கும் தலையாட்டினார்கள். நானும் நன்றாக நடத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பாடாலூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊர். பஸ் ஒரு நாளைக்கு நாலு தடவை வரும், மழை பெய்தால் மூன்று. ஆனி மாதத்தில் ஒரு காலை அங்கே போய் இறங்கினேன். ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் மண்தரையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். இந்த வேலைக்கு ஒரு முறை இருக்கிறது. ஊர்ப் பெண்கள் கூடி, கோலப்பொடியால் தரையில் ஊரையே வரைய வேண்டும். தெரு, கோயில், தண்ணீர்த் தொட்டி, ஒவ்வொரு வீடும் ஒரு கட்டம். பிறகு ஊரே பேசி ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணப் பொடி போட வேண்டும். மிக ஏழைக்குச் சிவப்பு, ஏழைக்கு மஞ்சள், மற்றவர்களுக்குப் பச்சை. சிவப்பு வீட்டுக்குத்தான் கான்கிரீட் வீடு, தொழில் தொடங்கப் பணம், நடக்க முடியாதவர் இருந்தால் மூன்று சக்கர ஸ்கூட்டர் எல்லாம் வரும். பட்டியலை ஊராட்சிச் சுவரில் ஏழு நாள் ஒட்டி வைப்போம். ஆட்சேபணை இருந்தால் அதற்குள் எழுதிக் கொடுக்கலாம்.

ஏழை என்றால் யார் என்று முதலில் முடிவு பண்ணுங்கள் என்றேன். அங்கேதான் சண்டை ஆரம்பித்தது.

ஆண்கள் வரிசையில் முன்னால் உட்கார்ந்திருந்தவர் பதினைந்து ஏக்கர்காரர், அந்த ஊரிலேயே அதிகமாகச் சின்ன வெங்காயம் போடுகிறவர். ஊருக்கே அவர் வெங்காயக்காரர்தான். எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ஏழையா? இந்த ஊர்லயா? வெங்காயம் புடுங்க ஆள் கூப்பிட்டா ஒருத்தி வரமாட்டேங்குறா. அரிசி சும்மா, பஸ்ஸு சும்மா, மாசம் பொறந்தா ஆயிரம் ரூபா. அப்புறம் எவ குனிவா? இலவசம் குடுத்தே சோம்பேறியாக்கி வச்சிருக்கு கவர்மெண்ட்டு."

குழுத் தலைவி பொடிக் கிண்ணத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். வாய் நீளமான பெண். எனக்கு அவளைப் பார்த்ததுமே பிடித்துப் போயிற்று.

"மாமா, உங்க மோட்டாருக்குக் கரண்டு பில்லு எவ்வளவு வருது?"

"அது விவசாயம், புள்ள."

"சொசைட்டி நகைக்கடனைத் தள்ளுபடி பண்ணாங்களே, அது?"

"அது நிவாரணம்."

"வெங்காயம் அழுகுனப்ப வாங்குனீங்களே, அது?"

"அது இழப்பீடு."

"உங்களுக்குக் குடுத்தா ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு. எங்களுக்குக் குடுத்தா மட்டும் எல்லாத்துக்கும் இலவசம்னு ஒரே பேரு."

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். ஆனால் லேசில் விடுகிற ஆளில்லை. சரி, ஏழைக்குக் கொடுங்கள், குடித்துக் கெட்டவனுக்கு எதற்கு என்று அடுத்த கேள்வியைப் போட்டார். பெண்கள் அவரை ஒரு பிடி பிடிக்கப் போகிறார்கள் என்று நான் காத்திருந்தேன். நடந்தது வேறு. குடி என்ற சொல்லைக் கேட்டதும் அத்தனை பெண்களும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் வீட்டில் அந்தக் கணக்கு இருந்தது. குடியால் கெட்ட வீட்டுக்குச் சிவப்பு கிடையாது என்று ஊர் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. தலைவி கையெழுத்துப் போட்டாள். கையேட்டிலும் குடி இருக்கிறதே என்று நானும் எழுதிக்கொண்டேன்.

கட்டம் கட்டமாகப் பொடி விழுந்தது. மதியம் ஓடைக்கரை ஓரத்து வீட்டுக்கு வந்தோம். தகரம் போட்ட ஒற்றை அறை. அந்த வீட்டுப் பெண் வெங்காயம் பிடுங்கவும் மக்காச்சோளம் ஒடிக்கவும் கூலிக்குப் போகிறவள். புருஷன் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரியில் கிளீனராக இருந்தவர். லாரியிலிருந்து விழுந்து ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஒரே மகள். நர்சிங் படித்து முடித்து பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். யாரோ கேட்காமலே அந்தக் கட்டத்தில் சிவப்பைப் போட்டுவிட்டார்கள்.

"நில்லு நில்லு. அவன் குடிச்சிட்டுத்தானே விழுந்தான்?" என்றார் வெங்காயக்காரர்.

"இல்லீங்க மாமா. விழுந்ததுக்கப்புறம்தான் குடிச்சாரு," என்றாள் தலைவி.

அடுத்த ஒரு மணி நேரம் அந்த ஊரின் மொத்த மூளையும் இந்த ஒரு விஷயத்தில் இறங்கியது. குடித்து விழுந்தாரா, விழுந்து குடித்தாரா. விழுந்தது வெள்ளிக்கிழமை, அவர் வெள்ளி தவறாமல் சிறுவாச்சூர் காளிக்குப் போகிறவர், அன்றைக்குத் தொடமாட்டார் என்றது ஒரு கட்சி. சிறுவாச்சூர் போகிறவர்தான், ஆனால் கோயிலுக்குப் போனாரா கடைக்குப் போனாரா என்று யார் கண்டது என்றது எதிர்க்கட்சி. முதல் நாள் கையில் பாட்டிலோடு பார்த்தேன் என்று ஒருவர் காளி மேல் சத்தியம் பண்ணினார். பார்க்கவே இல்லை என்று இன்னொருவர் அதே காளி மேல் சத்தியம் பண்ணினார்.

சம்பந்தப்பட்டவர் அலுவலகப் படியில் ஊன்றுகட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. கால் போனவருக்குக் காதும் போய்விட்டது என்று நினைத்தார்களோ என்னவோ. ஊர்க்காரர்களைச் சொல்லி என்ன, நானும் கேட்கவில்லை. பேனாவை வைத்துக்கொண்டு முடிவுக்காகக் காத்திருந்தேன்.

அப்போது அவர் மனைவி எழுந்தாள். நேராகப் போய் உட்கார்ந்து, தன் வீட்டுக் கட்டத்தில் இருந்த சிவப்பைப் புறங்கையால் தள்ளினாள். பச்சைக் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டாள்.

"எங்க வூட்டுக்குப் பச்சையே எழுதிக்குங்க."

நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். "ஏம்மா, உனக்குப் புத்தி கித்தி இருக்கா? ஊரே சிவப்புக்கு அடிச்சுக்குது. உன் வூடு இருக்குற இருப்புக்கு…"

"புதங்கிழமை ஜெயங்கொண்டத்துப் பக்கத்துலேருந்து பொண்ணு பாக்க வராங்க. பஸ்ஸவிட்டு எறங்குனா எதுக்க இந்தச் செவுருதான். ஊர்லயே ரொம்ப ஏழைன்னு எம்பேரு மொத ஆளா ஒட்டியிருந்தா, அவங்க அதே பஸ்ஸுல ஏறிப் போயிடுவாங்க."

ஒரு வீடு, ஸ்கூட்டர், தொழில் பணம், எல்லாம் போய்விடும், இந்தப் பட்டியல் மறுபடி எப்போது போடுவார்களோ தெரியாது என்று கத்தினேன். கத்தினேன் என்பதுதான் சரி. என் சுபாவம் அப்படி. அவள் கையிலிருந்த பொடியைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"வூடு இல்லாம இத்தனை வருசம் இருந்துட்டோம், இன்னமும் இருந்துடுவோம். பொண்ணுக்கு வயசு நிக்குமாங்க?"

இதற்குக் கையேட்டில் பாடம் இல்லை. பச்சை என்றே எழுதிக்கொண்டேன்.

அதற்கப்புறம் அந்த ஊர் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். ஒரு மணி நேரமாக அந்தக் குடும்பத்தைப் பிழிந்து காயப்போட்ட அதே ஆட்கள், அவளைப் பணக்காரியாக்க வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார்கள். ஒருத்தி பீரோ தருகிறேன் என்றாள். இன்னொருத்தி நாலு பிளாஸ்டிக் நாற்காலி. வெங்காயக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்க கறவை மாடு ரெண்டையும் ஓட்டிட்டுப் போயி உங்க வாசல்ல கட்டிக்க. கேட்டா உன்னுதுன்னு சொல்லு," என்றார். இலவசமாகத்தானே கொடுக்கிறீர்கள், அவள் சோம்பேறியாகிவிடுவாளே என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

புதன்கிழமை என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். பெரம்பலூர் ஆபீஸிலிருந்து ஒரு மேடம் வந்து உட்கார்ந்திருந்தால் வீட்டுக்கு ஒரு எடுப்பாக இருக்குமாம். இஸ்திரி போட்ட புடவையோடு போய் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை, அவன் அம்மா, தாய்மாமன் என்று ஐந்து பேர் வந்தார்கள். சுவரில் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வாசலிலேயே நின்று மாடுகளைப் பார்த்தாள்.

"உங்க மாடுங்களா? பாக்கெட் பால் எனக்கு ஒத்துக்காது. கறந்த பால்ல ஒரு வாய் காப்பி போட்டுக் குடுங்க."

வீட்டுக்காரிக்கு முகம் வெளுத்துவிட்டது. செம்பை எடுத்துக்கொண்டு போனாள். மாடு முகர்ந்து பார்த்தது, யார் இவள் என்று ஒரு உதை விட்டது. செம்பு உருண்டது. வேலிக்கு அந்தப் பக்கம் காவலுக்கு நின்றிருந்த வெங்காயக்காரருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. அழுக்குத் துண்டு ஒன்றைத் தலையில் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"விடும்மா, நான் கறக்குறேன்," என்று குந்தினார்.

"யாரு இவரு?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

ஒரு நொடி எல்லோரும் எல்லோரையும் பார்த்தோம். "மாடு பாக்குற ஆளுங்க," என்று அவரே சொல்லிவிட்டார்.

"நல்ல ஆளு வச்சிருக்கீங்க. எசமானி கறக்கப் போன பின்னாடி வராரு. இப்பல்லாம் கூலிக்காரங்க எல்லாமே இப்புடித்தான். ரேஷன் அரிசியத் தின்னு தின்னு சோம்பேறியாயிட்டாங்க."

பதினைந்து ஏக்கர்காரர் தலை நிமிரவில்லை. பால் செம்பில் சர் சர்ரென்று விழுந்துகொண்டிருந்தது. நான் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன். எனக்குப் பக்கத்தில் குழுத் தலைவிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. காப்பி நன்றாக இருந்தது. ஆவணியில் முகூர்த்தம் என்று பேசி முடித்தார்கள்.

பட்டியல் ஒட்டி ஏழாவது நாள் ஆட்சேபணை வாங்க உட்கார்ந்திருந்தேன். மதியம் எழுத்தர் சாப்பிடப் போயிருந்தார். படியில் கட்டை ஊன்றும் சத்தம் கேட்டது. கால் போனவர்.

"ஆட்சேபணை எழுதணுங்க."

"யார் வூட்டு மேலங்க?"

"எங்க வூட்டு மேலதாங்க. அது செவப்புங்க."

உட்காரச் சொன்னேன். அவர் பேசி அன்றைக்குத்தான் கேட்கிறேன். மகள் இருக்கிற வரைக்கும் காலையில் டூட்டிக்குப் போகுமுன் அவரைக் கொல்லைப் பக்கம் கூட்டிப் போய் வருவாளாம். அவள் போய்விட்டால் இனி மனைவி மட்டும்தான். "அவ வெங்காயத்துக்குப் போயிட்டா, திரும்பி வர்ற வரைக்கும் அடக்கிட்டே கெடக்கணும். மழை வந்தா வழுக்குது. ரெண்டு வாட்டி விழுந்துட்டேன், அவளுக்குத் தெரியாது. கக்கூஸோட ஒரு வூடும் அந்த வண்டியும் கெடச்சா, ரோட்டோரமா பொட்டிக்கடை வச்சு ஒக்காந்துப்பேன். அவளுக்கும் முதுகு போச்சுங்க."

கல்யாணத்துக்கு முன் பட்டியல் மாறாது, அதிகாரி விசாரணை முடிந்துதான் மாறும், அதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும் என்றேன். "அதான் வந்தேன்," என்றார். அவர் எல்லாம் யோசித்துத்தான் வந்திருந்தார். படிவத்தை எடுத்து எழுத ஆரம்பித்தேன். காரணம் என்ற இடத்தில் நின்றது பேனா.

"ஊர்ல குடின்னுறாங்க. குடின்னா செவப்பு கெடையாதுன்னு தீர்மானம் இருக்கு. நெசமா என்ன நடந்ததுன்னு நீங்க சொல்லுங்க."

"தூங்கிட்டேங்க."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"குடிப்பேன், இல்லேங்கல. அன்னிக்குக் குடிக்கல. பொண்ணு அப்ப ரெண்டாவது வருசம். ஃபீஸ் கட்டலன்னா பரீட்சை எழுத வுடமாட்டோம்னுட்டாங்க. கூட ஒரு ஷிப்ட் பாத்தா கூடக் காசுன்னு, மூணு நாளா வண்டிய வுட்டு எறங்கல. நாலாம் நாளு விடிகாலைல லோடு மேல ஒக்காந்திருந்தேன். கண்ணு சொருகிடுச்சு. முழிச்சப்ப காலு மேல டயரு."

"இத அன்னைக்கே கூட்டத்துல சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா பொண்ணு காதுக்குப் போயிடும்ல? என் படிப்புக்குத்தான் எங்கப்பாவுக்குக் காலு போச்சுன்னு அது காலம்பூரா நெனச்சுட்டுக் கெடக்கணுமா? குடிகாரன்னா ரெண்டு திட்டு திட்டிட்டுப் போயிடும். திட்டட்டும். இது எனக்கும் எம்பொண்டாட்டிக்கும்தான் தெரியும். இப்ப உங்களுக்கு."

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேலா, அந்த ஒரு மணி நேரத்தின் மேலா, பேனாவோடு வேடிக்கை பார்த்த என் மேலா என்று தெரியவில்லை. அழுகையும் கூடவே வந்தது. சோம்பேறிகள் என்று பத்து வருடம் பாடம் நடத்தியவள் நான். இந்த மனிதர் தூங்காததால் கால் போனவர். நடந்ததை ஒன்று விடாமல் ஏழு வரிகளில் எழுதினேன். விசாரணையில் இதை ஊருக்கு முன்னால் வாசிக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னேன். யோசித்தார்.

"ஆவணிக்கு அப்புறந்தானே? அது ஜெயங்கொண்டத்துல இருக்கும். நேரா நின்னு கேக்காத வரைக்கும் சரி. ஊர் வாய நான் பாத்துக்குறேன்," என்று கைநாட்டு வைத்தார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மாடுகள் வெங்காயக்காரர் வீட்டுக்குத் திரும்பின. கேட்டவர்களுக்கு விற்றுவிட்டோம் என்று சொன்னார்கள். விசாரணைத் தேதி மேலேயிருந்து வந்தது. ஐப்பசியில், தீபாவளி கழிந்து இரண்டாம் நாள். எனக்கும் அது வெறும் தேதியாகத்தான் தெரிந்தது. தலை தீபாவளி என்று ஒன்று இருக்கிறது, பெண்ணும் மாப்பிள்ளையும் அந்த வாரம் அந்த ஊரில்தான் இருப்பார்கள் என்பது என் மரமண்டைக்கு எட்டவே இல்லை.

அதிகாரி ஜீப்பில் வந்தார். ஊர் கூடியது. ஒவ்வொரு மனுவாக நான் வாசிக்க வேண்டும், ஊர் சொல்ல வேண்டும், அவர் முடிவு எழுத வேண்டும். மூன்றாவது மனு கால் போனவருடையது. எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்தேன். பெண்கள் பக்கத்தில், அம்மாவின் தோளில் கைபோட்டுக்கொண்டு மகள் நின்றிருந்தாள். புதுப்புடவை. பின்னால் மாப்பிள்ளை.

கையில் என் எழுத்தில் ஏழு வரி. அதை வாசித்தால் வீடு வரும். வண்டி வரும். கக்கூஸ் வரும். படியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். வேண்டாம் என்று.

"காரணத்தைப் படிங்க மேடம், இன்னும் நாலு ஊரு இருக்கு," என்றார் அதிகாரி.

"குடிதாங்க சார்," என்று படியிலிருந்து குரல் வந்தது. "குடிச்சிட்டு விழுந்துட்டேன்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "மனுவுல என்ன இருக்கு?"

என் ஆயுசில் வாயை மூடத் தெரியாதவள் என்று பேர் எடுத்தவள் நான். காகிதத்தை மடித்தேன்.

"அதேதான் சார்," என்றேன்.

"அப்ப ஊர்த் தீர்மானப்படி செவப்பு வராது. தள்ளுபடின்னு எழுதிக்கிறேன். அடுத்தது."

அம்மாக்காரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு படிக்கு வந்தாள். அப்பாவின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். கட்டையை எடுத்துக் கொடுத்தாள். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள், ஆனால் நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"அந்த ஒரு நாளாச்சும் குடிக்காம இருந்திருக்கக் கூடாதாப்பா? அம்மாவுக்கு ஒரு வூடு கெடச்சிருக்கும்ல?"

"தப்புதாம்மா," என்றார் அவர்.